நீல வள்ளத்தைக் கண்டுகொண்டவர்

வாகரைப் பக்கத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து வந்து வாவிக்கரைப் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த காலத்தில் இது நடந்தது. என் ஊர் மட்டக்களப்பு வாவியின் கரையில் இருக்கிறது. அதற்கு மேல் கேட்காதீர்கள். தன்னாமுனையா, தேற்றாத்தீவா, இரண்டும் இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. ஏன் இவ்வளவு பிகு பண்ணுகிறாள் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து படியுங்கள்.

அப்போது நான் பாலர் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் டவுனுக்குப் போய்க் கணினி வகுப்பில் தமிழ் தட்டச்சுப் பழகினேன். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் இருந்த இன்டர்நெட் கடையில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அங்கேதான் வலைப்பூ என்ற சாமானைக் கண்டுபிடித்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், உலகமே வாசிக்கும் என்றால் என்னைப் போன்ற வாய்க்காரிக்கு வேறென்ன வேண்டும்?

ஊரில் வாய் திறக்க முடியாத காலம் அது. ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஒரு தரப்பு அல்ல. சந்தைக்குப் போன பையன் திரும்பி வராமல் போவான், தாய் ரோட்டு முனையில் நின்று வருகிற பஸ்ஸையெல்லாம் எட்டிப் பார்ப்பாள். ஊர் முழுவதும் கண்டது, ஆனால் யாரும் கதைக்காதது. அதையெல்லாம் எழுதினேன். அகதியாக வந்த சனத்தின் சமையலை எழுதினேன், வீட்டுக் கூரைக்கு மேலால் செல் குண்டு போகும்போது பாலர் வகுப்புப் பிள்ளைகள் எண்ணுகிற விளையாட்டை எழுதினேன்.

சும்மா எழுதவில்லை, படு கெட்டித்தனமாகத்தான் எழுதினேன். ஊர்ப் பெயர் போடவில்லை, யாருடைய பெயரும் போடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் ஆணின் பெயரை எனக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டேன். பெண்ணைத் தேட வேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சனிக்கிழமை வலைப்பூவைத் திறந்தபோது புதிய கருத்து ஒன்று வந்து காத்திருந்தது. நான் வாசித்து அனுமதித்தால்தான் கருத்துகள் வெளியே தெரியும். பெயர் இல்லாத ஆள் எழுதியது.

“இத வெளிய விடாத பிள்ள. வாசிச்சுப்போட்டு அழிச்சிரு. நீ ஆம்பிள இல்ல எண்டு ரெண்டாவது கதையிலயே தெரிஞ்சிற்று. எங்கட பகுதியில எந்த ஆம்பிளைக்குத் தாய் வீடு குடுக்கிற?”

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீடு வளவு எல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான். தாய் மகளுக்கு வீடு கொடுப்பாள், கல்யாணம் முடித்த ஆண் வந்து மனைவி வீட்டில் இருப்பான். எங்களுக்கு இது சோறு தின்பது மாதிரி சாதாரணம். அதனால்தான் ஓர் ஆணின் பெயருக்குக் கீழே, “அம்மா எனக்குத் தந்த இந்த வீட்டின் வாசலில் இருந்துகொண்டு” என்று எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வேறு மாவட்டத்தில் இருப்பவர் கவனிக்காமல் தாண்டிப் போயிருப்பார். எங்கள் ஆட்களுக்கு அது தாவணி கட்டிய மீசைக்காரன் மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

கருத்து அத்தோடு முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் வாவியோரத்துக் கண்ணாமரப் பற்றைக்குள் சரிந்து கிடக்கும் நீல வள்ளத்தைப் பற்றி ஒரு பதிவில் உருகி உருகி எழுதியிருந்தேன். அது அப்பா விட்டுப்போன வள்ளம். வாவியில் தோணி விடுகிற எவருக்கும் அந்த வள்ளம் தெரியும், அதை வைத்தே வீட்டைக் காட்டலாம் என்று அவர் எழுதியிருந்தார். பதிவுகள் எல்லாம் சனிக்கிழமைகளிலேயே வருவதையும், நடந்தது நடந்த வாரமே வந்துவிடுவதையும் சொல்லியிருந்தார். அதன் பிறகு வந்த வரிகளை என்னால் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்ல முடியும்.

“ஆம்பிளப் பேர் வெச்சிரிக்காய். அப்ப ஆம்பிளையத்தான் தேடி வருவாங்க. உன்ட வீட்டில இரிக்கிற ஆம்பிள ஆரு?”

வீட்டில் இருந்த ஒரே ஆண் என் கணவர். மேசன் வேலை செய்கிறவர், பேப்பர் வாசிப்பதென்றால் தலைப்பை மட்டும் வாசிக்கிறவர். கெட்டித்தனம் என்று நினைத்து, அவருடைய முதுகில் அல்லவா நான் பெயர்ப்பலகை மாட்டிவிட்டிருந்தேன்!

பயத்தில் எழுந்து ஓடத்தான் நினைத்தேன். இது பொறியாக இருந்தால்? ஆனால் கடைசி வரிகள் பிடித்து இருத்தின. எழுதுவதை விட்டுவிடாதே என்று அவர் கேட்டிருந்தார். “எல்லா வீட்டிலயும் இரிக்கிறத எழுது. உன்ட வீட்டில மட்டும் இரிக்கிறத எழுதாத. அதுக்காக வேற ஊர்ர அடையாளத்தப் போட்டு அந்தச் சனத்தின்ட தலையில கட்டிராத.”

பிடித்துக்கொடுக்க வருகிறவன் இப்படி எழுதுவானா? அடுத்த ஊர்க்காரனின் தலையைப் பற்றியும் யோசிக்கிற மனிதர் இவர். கருத்தை அழித்துவிட்டு, அந்தக் கடையை விட்டு வெளியேறி, பஸ்நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு கடைக்குள் புகுந்தேன். பதிவுகளைப் பாதி திருத்தும்போது கரண்ட் போய்விட்டது. கடைக்காரப் பெண் விசிறிக்கொண்டே, “இப்ப வந்திரும் அக்கா” என்றாள். வந்தது. பதிவில் இருந்த வள்ளத்தை அழித்தேன், அக்கா வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான கிணற்றை அழித்தேன். “அம்மா தந்த வீடு” என்பதை எல்லா இடத்திலும் “மாமியார் வீடு” என்று மாற்றினேன். கடைசி பஸ்ஸில் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியும், என்ன எழுதினேன் என்பதுதான் தெரியாது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு, “நீ எழுதினதுக்கு நான் உள்ளுக்குப் போறதெண்டா, என்ன எழுதின எண்டு ஒருக்கா வாசிச்சாச்சும் காட்டன்” என்றார். பிறகு கோடாரியை எடுத்துக்கொண்டு வாவிப் பக்கம் போனார். அப்பாவின் வள்ளம் அந்தக் கிழமை ஏழு நாளும் எங்கள் அடுப்பில் எரிந்தது. அழுகை வந்தது, புகைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த பதிவின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: “என் கூரையின் ஒழுக்கைக் காட்டித்தந்தவருக்கு நன்றி.” வாசித்தாரோ தெரியாது.

சில கிழமைகள் கழித்து ஒரு காலையில் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். யார் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆண்கள் எல்லோரையும் விளையாட்டு மைதானத்தில் இருத்தினார்கள். பெண்கள் நாங்கள் வேலியோரம் நின்றோம். வாவிக்கரை ஊர்களுக்கெல்லாம் வரிசையாகப் போகிறார்களாம், இன்டர்நெட்டில் கதை எழுதுகிறவனைத் தேடுகிறார்களாம் என்று பக்கத்தில் நின்றவள் குசுகுசுத்தாள். கேள்வி கேட்டவர் வெளியூர்க்காரர். கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

என் பதிவாகத்தான் இருக்கும் அது. ஆனால் எப்போது அச்சடித்தது? நான் திருத்துவதற்கு முன்னரா, பின்னரா? பழைய பதிவு என்றால் வள்ளம் கிடந்த இடத்தை ஊரே கைகாட்டும். என் கணவர் முன்வரிசையில், சாந்து காயாத சாரத்தை உடுத்தபடி இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்க்கக் கூடாது என்று தெரிந்து வைத்திருந்தார். அங்கேயே போய் நான்தான் என்று சொல்லிவிடுவோமா என்று ஒரு கால் முன்னே வைத்துவிட்டேன்.

வெளியூர்க்காரர் தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினார். “என் மாமியார் வீட்டு வாசலில் இருந்துகொண்டு...”

வேலிக் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திருத்திய பதிவு.

“இங்கே மாமியார் வீட்டில் இருக்கிறவன் யார்?” என்று கேட்டார்.

முதலில் யாருக்கும் கேள்வி விளங்கவில்லை. பிறகு தோணிக்காரர் ஒருவர், வாய் சும்மா இராத மனிதர், எழும்பினார். “ஐயா, கலியாணம் முடிச்ச நாங்க எல்லாரும் மாமி வீட்டிலதான் இரிக்கம். கைய உயர்த்தச் சொல்லுங்க, பாப்பம்.” அவரே முதலில் கையை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று. மைதானம் முழுவதும் கைகள். என் கணவரும் உயர்த்தினார்.

கேட்டவர் சிரிக்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். மத்தியானம் வரைக்கும் வெயிலில் இருத்தி வைத்துவிட்டு எல்லோரையும் அனுப்பினார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். “நல்ல காலம், உன்ட அம்மா எனக்கு மாமி” என்றார். அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் என்றைக்கும் சிரித்ததும் இல்லை, அழுத மாதிரி அழுததும் இல்லை.

அதன் பிறகு ஒரே ஒரு கருத்து வந்தது. “நீல வள்ளத்தக் காணல்ல. நல்லம். இனி என்னத் தேடாத பிள்ள.”

இரண்டு தரம் வாசித்தேன். அப்படியென்றால் அந்த மனிதர் என் வீட்டுக்குப் பின்னால் போகிறார், வருகிறார்! அன்று பின்னேரம் வாவிக்கரையில் போய் நின்றேன். ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். ஏறாவூர் வியாபாரி ஒருவர் மூட்டைகளோடு தோணியில் போனார். குடை பிடித்த ஒரு பெண் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இவர்களில் ஒருவரா, இவர்கள் யாருமே இல்லையா? அவர் என்று எழுதுகிறேனே தவிர, ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லோரையும் பார்த்துக் கைகாட்டினேன். மூன்று பேரும் திருப்பிக் கைகாட்டினார்கள்.

இப்போது இந்த வீடு என் மகளுடையது. அவளும் கைப்பேசியில் ஓயாமல் எதையாவது போடுகிறாள். போடுவதற்கு முன், “அம்மா, இதில வள்ளம் ஏதும் தெரியுதா?” என்று கேட்டுக் காட்டுவாள். எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. சொல்ல மறந்துவிட்டேன், அந்த வள்ளத்தின் நிறம் நீலம் இல்லை. இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், அவர் சொன்னபடி.

என் வாசலையும் என் கணவரின் முகத்தையும் அறிந்த பிறகும், ஒரு நாள்கூட வந்து கதவைத் தட்டாமல், ஒரு நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் வாவியில் கடந்து போனாரே, அவர் யாரென்று தெரியாததால்தான் இந்தக் கரையில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவருக்கும் இன்றைக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.