செல்லத்தாயி துவைத்துத் தந்த ஜமக்காளம்

பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி போன மாதம் காதுகுத்துக்கு எங்கள் ஜமக்காளத்தை இரவல் வாங்கிப் போனாள்.

திருப்பித் தந்தபோது, "துவச்சுக் காயவச்சுட்டேன் அக்கா" என்றாள். ஒரு மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் வெற்றிலை எச்சில், குழம்புக் கறை.

உலகச் சண்டை நடக்கிற காலத்தில் துவைக்கிற சவுக்காரக் கட்டிக்கு எங்கே போவது? முல்லையாற்றுக்குச் சுமந்துபோய் உவர்மண் போட்டு அடித்தால் என் இடுப்பு ஒடிந்துவிடும். மடிப்புக் கலையாமல் பரணில் போட்டுவிட்டேன்.

இன்று காலை மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மூத்தவளப் பொண்ணு பாக்க வந்துட்டாக அக்கா, ஜமக்காளத்தக் குடுங்க!"

கனமாயிற்றே என்று மறுமுனையை நானே பிடித்துப் போனேன். வந்தவர்கள் முன்னால் விரித்தாள்.

மாப்பிள்ளையின் தாய் மூக்கைப் பொத்தினாள். "இதெல்லாம் துவைக்கிறதில்லையா?"

செல்லத்தாயி கூசாமல் என்னைக் காட்டினாள். "இது இந்த அக்கா வீட்டுதுங்க."

"ஆமாத்தா, எங்களுதுதான்" என்றேன். "போன மாசம் இவ துவச்சுக் குடுத்த மடிப்ப இப்பத்தான் பிரிக்கிறோம்."

நான் செய்தது தப்பென்றால் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். ஆற்றில் செல்லத்தாயி ஜமக்காளத்தை அடிக்கிற சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை.