திரையை அணைத்துவைத்த நாட்கள்

ஓசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரே ஓர் அறையும் சமையற்கட்டும்தான். கட்டிலுக்கும் கணினி மேசைக்கும் நடுவே ஒரு நாற்காலி போட மட்டும் இடம் இருந்தது. என் கணவர் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் ஆபரேட்டர். மூன்றாம் ஷிப்ட் முடிந்து காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். அந்த மாதிரி மெஷின்களுக்கு டை என்கிற அச்சு செய்யும் ஒரு டூல்ரூமிலிருந்து பென்சிலில் கிறுக்கி அனுப்பும் படங்களைக் கணினியில் வரைந்து கொடுப்பேன். அவர் தூங்கும் நேரம்தான் என் வேலை நேரம்.

அந்தக் கோடையில் அவருடைய மெஷினில் ஒரு விபத்து நடந்தது. கூட நின்று வேலை செய்தவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. போச்சம்பள்ளிப் பக்கத்துக்காரர். எங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். என் கணவர் அதைப் பற்றி ஒரு வரி சொன்னதோடு சரி, பிறகு வாயே திறக்கவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. குக்கர் விசிலுக்கு அசையாத மனுஷன், பக்கத்து வீட்டு செல்போன் மணிக்கு விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். கட்டாயப்படுத்திக் கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்தவர், நன்றாகத் தூங்க வேண்டும், திடீர்ச் சத்தம் கூடாது என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கணினி பழுதானது. கடைக்காரர் புது சிஸ்டம் ஏற்றிக் கொடுத்தார். அதை ஆன் செய்தால் சின்னதாக ஒரு மணியோசை வரும். முதல் நாள் அது ஒலித்தபோது என் கணவர் கட்டிலில் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். தண்ணீர் மட்டும் கேட்டார்.

ஸ்பீக்கர் மானிட்டருக்குள்ளேயே இருந்ததால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் மானிட்டரை அணைப்பேன். பிறகு சி.பி.யு.வை ஆன் செய்து, நூறு வரை எண்ணிவிட்டு மானிட்டரைப் போடுவேன். அந்த ஒலியை ஒரேயடியாக நிறுத்த எங்கோ ஒரு செட்டிங் இருக்கும் என்று தெரியும். தேடினால் பத்து நிமிட வேலை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அது என் தப்பு.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டுக்குள் ஒரு டை படம் போயாக வேண்டும். டூல்ரூம்காரர் இரண்டு தடவை அழைத்துவிட்டார். சைலன்ட்டில் இருந்த போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் கழித்து மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் ஓடிவந்து சி.பி.யு. பட்டனை அழுத்தினேன். கரண்ட் வந்தபோதே மானிட்டர் தானாக ஆன் ஆகியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அதன் பின்னால் இருந்த பட்டனைக் கைவிட்டுத் தடவினேன். விரலுக்குச் சிக்குவதற்குள் ஒலித்துவிட்டது.

“கையை எடு, கையை எடு” என்று கத்திக்கொண்டே அவர் என் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நாற்காலியோடு சாய்ந்தேன். கை மடங்கி வலி உச்சிக்கு ஏறியது. அவர் பிடியை விடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் அதில் நான் இல்லை. அவரைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான்.

“ஏங்க, நான்தாங்க. நம்ம வீட்லதான் இருக்கோம்.”

மூன்று நான்கு தடவை சொன்ன பிறகே பிடி தளர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். சேர் சாய்ந்துவிட்டது என்று உள்ளிருந்தே சொல்லி அனுப்பினேன்.

அவர் தரையில் உட்கார்ந்தார். வீங்கத் தொடங்கியிருந்த என் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அந்த மெஷின்லயும் இந்த மாதிரி ஒரு சத்தம் வரும். வந்தா ரெடின்னு அர்த்தம். வந்துச்சு, நான் அமுக்கிட்டேன். அவன் கை உள்ள இருந்தத நான் பாக்கல.”

கம்பெனியில், கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சாரில் கோளாறு என்று எழுதி முடித்துவிட்டார்களாம். பட்டனை அழுத்தியது யார் என்று யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அடிபட்டவரை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாததால் சொல்லவில்லை.

என்னால் மவுஸைப் பிடிக்க முடியவில்லை. போனில் தேடி நான் படிக்கப் படிக்க, அவர் உட்கார்ந்து செய்தார். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், தீம்ஸ், சவுண்ட்ஸ். அடியில் ஸ்டார்ட்அப் சவுண்ட் என்றிருந்த இடத்தில் டிக்கை எடுத்தார்.

“அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாக்கறேன்” என்றார்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அணைத்துவிட்டு, அவரே பட்டனை அழுத்தினார். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திரை வெளிச்சமானது. பாஸ்வேர்டு கேட்டது. சத்தம் வரவில்லை. அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டே நின்றார்.

இடது கையாலேயே முடித்த படம் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனது, திட்டு வாங்கினேன். கைக்கு மூன்று வாரம் கட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் போச்சம்பள்ளிக்குப் போனார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொல்லத்தான் போனாராம். சொல்லி முடிப்பதற்குள் அடிபட்ட அந்தத் தம்பி, “தெரியும்ண்ணா. வர்றதுக்கு இத்தன நாளா?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு மேல் அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். வேலை போய்விடும் என்று பயந்தேன், போகவில்லை. இரண்டு மாதத்தில், செய்த பாகங்களைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்ஷனுக்கு மாற்றினார்கள், பகல் ஷிப்ட். மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. அந்தத் தம்பி எப்போதாவது போன் செய்வார். அப்போது இவர் எழுந்து வெளியே போய்த்தான் பேசுவார்.