தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகள்

தஞ்சாவூரை ஒட்டி, வயலில் பிளாட் போட்டு உருவான எங்கள் நகரில் கிறிஸ்தவ சபை தொடங்கியபோது, டியூஷன் சென்டர் மாடிக்கு வாடகை நாற்காலி கொண்டுவந்தவர் அவர். நெற்றி நிறைய விபூதி, தோளில் ஈரத் துண்டு. ஐம்பது நாற்காலி கேட்டிருந்தோம். வந்தது பதினோரு பேர். போதகரின் முகம் தொங்கிவிட்டது. அவரோ முக்கால்வாசியைத் திருப்பி வண்டியில் ஏற்றிவிட்டு, மிச்சத்தை நடுவில் பைக் நிறுத்தும் அளவுக்குத் தள்ளித் தள்ளிப் போட்டார்.

“கட்சிக் கூட்டத்துக்கு இப்படித்தாங்க போடுவோம். மேடையிலேருந்து பாத்தா நெறஞ்சு தெரியும்.”

தெரிந்தது போலும். போதகரின் குரலே உயர்ந்தது.

அதன் பிறகு ஆட்கள் சேரச் சேர, யாரும் சொல்லாமலே நாற்காலிக்காரர் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். பின்வரிசை முழங்கால் முன்வரிசை முதுகில் இடித்த ஞாயிறன்று, பெண்ணைப் பெற்ற தகப்பனைப் போல வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார்.

பிறகு சொந்தமாக ஆலயம் கட்டினோம். தேக்கு பெஞ்சுகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினோம். பிரதிஷ்டைக்கு வந்த நாற்காலிக்காரர் ஒன்றை அசைத்துப் பார்த்தார், அசையவில்லை.

“ஏங்க, கூட்டம் கொறஞ்சா என்ன பண்ணுவீங்க?”

அன்றைய பிரசங்கம் எனக்கு மறந்துவிட்டது. பக்கத்து இடம் காலியாக இருக்கும் ஞாயிறுகளில் மட்டும், கொஞ்சம் அகட்டி உட்கார்ந்துகொள்கிறேன்.