உள்வாடகை ஆகாதுங்க!

திருச்செங்கோட்டில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் உரிமையாளரைக் கொள்கைக்காரர் என்று நம்பியிருந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

என் கணவர் போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். காலியாகக் கிடந்த அறையை என்னோடு வேலை பார்க்கும் செல்விக்கு விடலாமா என்று கேட்க, அவளையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன்.

அவளிடம், "எந்த ஊருங்க சாமி? என்ன கூட்டமுங்க?" என்றார். எங்கள் பக்கத்தில் குலத்தைக் கேட்பதுபோலச் சாதியை அப்படித்தான் விசாரிப்பார்கள்.

"எங்களுக்குக் கூட்டமெல்லாம் இல்லீங்க" என்றாள் செல்வி.

அவர் முகம் கதவு மாதிரி சாத்திக்கொண்டது. "நம்ம ஊட்ல உள்வாடகை ஆகாதுங்க. அது சட்டமுங்க."

சட்டம் என்றதும் நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமே அந்தச் சட்டம் பல்லை இளித்துக்கொண்டு படியேறி வந்தது.

"ஏனுங்க, நம்ம பங்காளி ஊட்டுப் புள்ள காலேஜ்ல சேருதுங்க. உங்க ரூமு சும்மாதான கெடக்குது? வாடகைக்கு வெச்சுக்குங்க."

"உள்வாடகை ஆகாதுன்னீங்களே?"

"அது வெளியாளுக்குங்க."

"ஆகாதுங்க. சட்டமுங்க" என்றேன்.

"என்ர ஊட்ல எனக்கே சட்டமா? காலி பண்ணுங்க!"

சந்தோஷமாகக் காலி செய்தேன். இப்போது செல்வியும் நானும் வேறு தெருவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அந்த மனிதரை வழியில் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும்: அவர் வீட்டுச் சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றியவள் நான் ஒருத்திதான்.