பத்தடி தூரத்துக்கு ஒரு போன்

அத்தானின் இடுப்புப் பட்டியில் கறுப்புத் தோலுறை ஒன்று எப்போதும் தொங்கும். அதற்குள் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கைத்தொலைபேசி இருக்கும். கதைத்து முடிந்ததும் கைலேஞ்சியால் துடைத்து, உறைக்குள் வைத்து, பொத்தானை அழுத்திப் பூட்டி, பூட்டியதை இன்னொரு தரம் தட்டிப் பார்ப்பார். அந்தத் தொலைபேசியில், பத்தடி தள்ளி நின்ற ஒரு மனிதருக்கு அவர் அழைப்பு எடுத்ததை நான் என் கண்ணால் கண்டேன். இப்போது சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்களிலும் சிரித்தவர்கள் உண்டு, கண் கலங்கியவர்கள் உண்டு. எனக்குக் கோபம்தான் வந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். லண்டனில் செவன் கிங்ஸ் என்ற இடத்தில் வீடு, தபால் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை. மிச்ச நேரமெல்லாம், ஊர்விட்டு வந்தவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் ஊர்ச் சங்கம். அதில் அவர் பல வருடம் உபதலைவராக இருந்தார். உபதலைவர் என்றால் கூட்டம் முடிந்ததும் கதிரை அடுக்குகிறவர், மண்டபத் திறப்பை வாங்கிவந்து கதவைத் திறந்துவிடுகிறவர், தலைவர் பேசும்போது ஒலிவாங்கியைச் சரிசெய்கிறவர் என்று பொருள். ஒருநாளாவது தலைவராக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அலுமாரியில் ஒரு கருநீல சூட் விலைச்சீட்டுக் கழற்றாமல் தொங்கியது. அது எதற்கென்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டாயிரமாம் ஆண்டின் கடைசியில் நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போனார். போன நேரம் அமெரிக்கத் தேர்தல் நேரம். வாக்கெண்ணிக்கை முடியாமல் வாரக் கணக்கில் இழுபட்ட தேர்தல் அது. நாடு முழுவதும் கூடுதலான வாக்கு எடுத்தவர் கடைசியில் தோற்றார். மற்றவர்கள் அமெரிக்கா போனால் நயாகராவைப் பார்ப்பார்கள். எங்கள் அத்தான் தம்பியின் வரவேற்பறையில் இருந்து தொலைக்காட்சியைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது எங்களுக்குச் சொக்லேட்டும் வாசனைத் திரவியமும், சங்கத்துக்கு ஒரு புதிய அரசியல் முறையும் கொண்டுவந்தார்.

சங்கத்துக்கு ஏதோ ஒரு முறை தேவையாகத்தான் இருந்தது. அங்கத்தவர்களில் பாதிப் பேர் செவன் கிங்ஸில் இருந்தோம். மற்றவர்கள் பக்கத்து இடங்களான பார்க்கிங்கிலும் அப்டன் பார்க்கிலும். கை உயர்த்தித் தெரிவு செய்யும் வழக்கம் என்பதால் ஒவ்வொரு தரமும் தலைவர் செவன் கிங்ஸ்காரர்தான். மற்ற இரண்டு இடத்தாரும் புறுபுறுக்கத் தொடங்கி, அந்த வருடம் பிரிந்து போகிறோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். பிரிவது ஒன்றும் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. பக்கத்து ஊர்ச் சங்கத்தார் அப்போதுதான் இரண்டாகப் பிரிந்து, ஒரே நாளில் இரண்டு மண்டபத்தில் இரண்டு ஒன்றுகூடல் வைத்து, இரண்டிலும் பாதிச் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டியிருந்தார்கள். எனக்கு இருந்த கவலை வேறு. சங்கம் நடத்திய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். சங்கம் உடைந்தால் பள்ளியும் உடையும். பாதிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளியும் நெடுநாள் ஓடாது.

பொதுக்கூட்டத்தில் அத்தான் எழுந்து மேசையில் மூன்று தட்டுகளை வைத்தார். செவன் கிங்ஸ், பார்க்கிங், அப்டன் பார்க். இடைவேளைக்கு வைத்திருந்த உழுந்து வடையில் முதலில் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு வைத்தார். "இது எல்லாருக்கும் சமன். பெரிய இடம், சின்ன இடம் எண்டு பார்க்கிறேல்ல. அமெரிக்காவில செனற் எண்டு சொல்லுறது இதைத்தான்." பிறகு குடும்பத் தொகைக்கு ஏற்ப எங்கள் தட்டில் ஐந்தும், பார்க்கிங் தட்டில் மூன்றும், அப்டன் பார்க் தட்டில் இரண்டும் வைத்தார். "இது தலைக்கணக்கு. மற்றச் சபை இப்பிடி. இரண்டையும் கூட்டிப்போட்டுத்தான் சனாதிபதியைத் தெரிவு செய்யிறது. ஒரு இடத்தில வெண்டவருக்கு அந்தத் தட்டு முழுக்க." ஏழு, ஐந்து, நான்கு. எந்தத் தட்டும் தனியாகப் போதாது. தலைவராக வேண்டுமென்றால் மூன்று இடத்தில் இரண்டையாவது வெல்ல வேண்டும். யாப்பில், அதாவது சங்க விதிகளில், சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல மூன்று பெரியவர்களையும் நியமித்தார். அதுதான் உயர் நீதிமன்றமாம். எத்தனை பேருக்கு விளங்கியது என்று தெரியவில்லை. வடை ஆறிக்கொண்டிருந்தது. கைதட்டி நிறைவேற்றிவிட்டு நிறைவேற்றியதைச் சாப்பிட்டார்கள்.

அக்காவுக்கு நன்றாக விளங்கியது. வீட்டுக்கு வந்ததும் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, பழைய மாதிரிக் கையை உயர்த்தினா இந்தமுறை நீங்கள்தானே தலைவர்? உங்களுக்கு நீங்களே குழி வெட்டுறியளோ?"

"செவன் கிங்ஸை மட்டும் வச்சு வெல்லலாம் எண்டா, மற்றவை ஏன் எங்களோட இருக்க வேணும்? கதிரை அடுக்கவோ?" என்றார் அத்தான்.

கதிரை அடுக்குகிறவருக்குத்தானே அந்த வருத்தம் தெரியும்.

அவரை எதிர்த்து நின்றவர் பார்க்கிங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஜேர்மன் அண்ணை. ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்ததால் அந்தப் பெயர். நல்ல மனிதர், ஆனால் சுருக்கென்று கோபம் வரும். பார்க்கிங் அவருடைய கோட்டை, செவன் கிங்ஸ் அத்தானுடையது. மிஞ்சியது அப்டன் பார்க். அங்கே வீடு மாறியவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கியவரும், கவுன்சில் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அத்தான்தான். அந்த நன்றியை நம்பித்தான் அவர் இருந்தார் என்று நினைக்கிறேன்.

தேர்தல் ஒரு ஞாயிறு பின்னேரம், ஒரு தேவாலயத்து மண்டபத்தில் நடந்தது. வாக்குப் போட மூன்று ஐஸ்கிரீம் டப்பாக்கள். அத்தான் விலைச்சீட்டைக் கழற்றிவிட்டு அந்தக் கருநீல சூட்டைப் போட்டு வந்திருந்தார். அக்கா ஒரு பெரிய சட்டி ஆட்டிறைச்சிக் கறியைக் காரின் பின்பெட்டியில் ஒளித்து வைத்திருந்தாள். வென்றபின் எல்லாருக்கும் விருந்து என்பது அவளுடைய திட்டம்.

செவன் கிங்ஸ் டப்பாவில் ஏறக்குறைய எல்லாமே அத்தானுக்கு. பார்க்கிங் டப்பா எதிர்பார்த்தபடி அண்ணைக்கு. அப்டன் பார்க் டப்பாவை எண்ணியபோது மண்டபத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. நான்கு வாக்கில் அத்தான் தோற்றார். மூன்று டப்பாவையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் அவர் எவ்வளவோ முன்னுக்கு நின்றார். ஆனால் தட்டுக் கணக்கில் ஒன்பதுக்கு ஏழு. நியூ ஜெர்சி வரவேற்பறையில் அவர் பார்த்த அதே கதை, இப்போது அவர் தலையிலேயே விடிந்திருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்கள் எழும்பிவிட்டார்கள். "தலையை எண்ணுங்கோ! என்ன விசர்க் கணக்கு இது?" என்று ஒருவர் கத்தினார். "அமெரிக்காவில போய் வடை சுடச் சொல்லுங்கோ!" என்றார் இன்னொருவர். எல்லாரும் உயர் நீதிமன்றத்தைப் பார்த்தார்கள். மூன்று பெரியவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார், மற்ற இருவரும் அவருக்குத் தேட உதவினார்கள். அத்தான் ஒரு சொல் சொன்னால் போதும், பழையபடி கை உயர்த்தி அவரைத் தலைவராக்கியிருப்பார்கள். அவர் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் நானும் நெஞ்சுக்குள் வேண்டிக்கொண்டேன், பள்ளியைக்கூட அந்த நிமிடம் மறந்துபோனேன். மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் பார்க்கிங்காரர் ஒவ்வொருவராக எழும்பிக் குளிர்கோட்டை மாட்டத் தொடங்கினார்கள். எங்கள் கூட்டங்களில் கோட்டைப் போட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். பிள்ளைகளுக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்த ஒரு தாய் என்னைப் பார்த்து, இனி வரமாட்டோம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் ஒரு தொலைபேசி அடித்தது. ஜேர்மன் அண்ணையினுடையது. ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றவர் எரிச்சலோடு எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தார்.

"ஹலோ, தலைவரோ?" என்றது அத்தானின் குரல். தேநீர் மேசைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். "நான் செவன் கிங்சில இருந்து கதைக்கிறன். வெண்டதுக்கு வாழ்த்துக்கள் அண்ணை. சங்கத்தை வடிவாக் கொண்டு நடத்துங்கோ. என்ன உதவி எண்டாலும் கேளுங்கோ, செய்து தாறன்."

மண்டபம் அடங்கிப்போனது. ஜேர்மன் அண்ணை போனைக் காதில் வைத்தபடி கழுத்தை நீட்டித் தேடினார். "நீங்கள்... இப்ப எங்க நிக்கிறியள்?" என்று போனிலேயே கேட்டார்.

"இஞ்சதான், தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலரும் சிரித்தார்கள். ஜேர்மன் அண்ணை கோட்டுக்குள் இருந்த கையை வெளியே எடுத்து, கோட்டைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். அதைக் கண்டு அவருடைய ஆட்களும் கழற்றினார்கள். அத்தான் போனைத் துடைத்து, உறைக்குள் வைத்து, பூட்டி, தட்டிப் பார்த்தார். அக்கா கார்த் திறப்பை என் கையில் தந்தாள். ஆட்டிறைச்சிக் கறி உள்ளே வந்தது. வென்றவர்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள்.

குசினிக்குள் சட்டி கழுவும்போது எனக்குக் கோபம் அடங்கவில்லை. "பத்தடிதானே அத்தான், நடந்து போய்க் கையைக் குடுத்திருக்கலாமே? ஏன் இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"தோத்தவர் வெண்டவருக்கு முதல்ல போன் எடுக்கிறதுதான் அங்கத்தைய முறை பிள்ளை. அதோட, நடந்து போனா இடையில எங்கட ஆக்கள் மறிச்சிருப்பினம். போனை மறிக்க ஏலாது."

"உங்களுக்குக் கவலையே இல்லையோ?"

"ஏன் இல்ல? நெஞ்சு வெடிக்குது. ஆனா அவையள் கோட்டைப் போட்டுட்டினமே." சொல்லிவிட்டுச் சட்டியைத் துடைக்கத் துணி எடுத்தார். சூட்டின் கையை முழங்கை வரை மடித்திருந்தார். எனக்கு அதன்பிறகு கோபிக்க முடியவில்லை.

அவர் மறுபடி நிற்கவில்லை. எத்தனையோ பேர் கேட்டும் மறுத்துவிட்டார். கதிரை அடுக்குவதை மட்டும் விடவில்லை. சூட்டைக் கல்யாண வீடுகளுக்குப் போட்டார். சங்கம் உடையவில்லை. பள்ளியும் இன்றுவரை ஒரே பள்ளிதான். தட்டுக் கணக்கும் மாறவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் தோற்றவர் மண்டபத்தில் நின்றபடியே வென்றவருக்குப் போன் எடுப்பது எங்கள் சங்கத்தின் வழக்கமாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் இதை ஊரிலிருந்து வந்த சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவிலேயே தோற்றவர் தோற்றதை ஒப்புக்கொள்ளவில்லை என்ற செய்தி வந்தபோது அத்தான் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். "அங்கயும் எங்கட பழைய சங்கம் மாதிரி வந்திட்டுது" என்றார். சொந்த வீட்டில் ஏதோ களவு போனவர்போல இரண்டு நாள் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை.

போன வருடத் தேர்தலில் அவருடைய மகள் நின்றாள். என்னிடம் இரண்டாம் வகுப்புப் படித்தவள், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எதிர்த்து நின்றவன் அப்டன் பார்க்கைச் சேர்ந்த ஒரு கணக்காளன். அத்தான் கைத்தடியோடு முன்வரிசையில் இருந்தார், நான் பக்கத்தில். அந்தக் கருநீல சூட் இப்போது தோளில் தொளதொளவென்று தொங்குகிறது. இடுப்பில் உறை இல்லை. மேடைக்குக் கூப்பிட்டதும் மகள், "அப்பா, என்ட போனை ஒருக்கா ஹோல்ட் பண்ணுங்கோ, சாரியில பொக்கெற் இல்ல" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அத்தான் அதைச் சட்டைப் பையில் வைத்து, வெளியே தட்டிப் பார்த்தார்.

செவன் கிங்ஸையும் பார்க்கிங்கையும் அவள் வென்றாள். சனம் மேடையைச் சூழ்ந்துகொண்டது. அத்தானின் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ சொல்லவும் விடாமல் மற்றப் பக்கத்தில் அந்தக் கணக்காளனின் குரல் தொடங்கிவிட்டது. எனக்கும் கேட்டது. "தலைவருக்கு என்ட மனமார்ந்த வாழ்த்துக்கள். ஃபுல் சப்போர்ட் தருவன். என்ன உதவி எண்டாலும் கேளுங்கோ, செய்து தாறன்."

அத்தான் இடைமறிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொல்வரை கேட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நன்றி தம்பி. கொஞ்சம் பொறும், தலைவரைக் கூப்பிடுறன்" என்றார்.