திருச்சியில் படித்த என் மகன்

காலை பத்து மணி இருபது நிமிடம். விசாரணை அறைச் சுவரில் தொங்கிய கடிகாரத்தை நான் பார்த்தது நேரம் அறிவதற்காக அல்ல. பிரஜாவுரிமைத் துணைக் கமிஷனர் கேட்ட கேள்விக்குப் பிறகு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு எங்கேயாவது பார்க்கவேண்டியிருந்தது.

"உங்களுடைய மகன் இந்தியாவில் படிக்கிறானாமே?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஹட்டனில் அந்த மாதக் குளிரில் யாருக்கும் வியர்க்காது.

அப்போது நான் புரொக்டர் என்று நாங்கள் சொல்லும் வக்கீல் ஒருவரிடம் கிளாக்கராக இருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கோட் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகும் அளவுக்கு வந்தவன். இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்று சட்டம் வந்தபின் எங்கள் ஆபீசில் பாதி வேலை அதுதான். இத்தனை வருடம் இலங்கையை விட்டுப் போகாமல் இருந்தோம், மனைவியும் பிள்ளைகளும் இங்கேயேதான் இருக்கிறார்கள் என்று நிரூபிக்கவேண்டும். பிள்ளை இந்தியாவில் இருக்கிறான் என்று தெரிந்தால் விண்ணப்பம் அந்த இடத்திலேயே படுத்துவிடும். இதை எத்தனையோ பேருக்குப் படித்துப் படித்துச் சொன்னவன் நான். அந்தக் கேள்வி கடைசியில் என்னுடைய சொந்த விண்ணப்பத்தில் வந்து நின்றது. அது தள்ளுபடியானால் நானும் மனைவியும் மகனும் எந்த நாட்டுக்காரரும் இல்லை. அவன் எவ்வளவு படித்தாலும் இங்கே ஓர் அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப்போட முடியாது.

என் மகன் இந்தியாவைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்தவன் இல்லை. அவன் இதே மலைநாட்டில், பொகவந்தலாவையில் படித்துக்கொண்டிருந்தான். அவன் திருச்சியில் படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் நான்தான்.

பக்கத்து ஆபீஸ் கிளாக்கரைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. அவரும் என்னைப்போலத் தோட்டத்திலிருந்து வந்தவர். என்னைவிட இரண்டே வயது மூப்பு. ஆனால் நாலு பேருக்கு முன்னால் என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ் ஹட்டன் கிளாக்கர்மாரில் எல்லோருக்கும் முந்தி வந்தது. அதைக் கண்ணாடி போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். கட்சிக்காரர் யார் உட்கார்ந்தாலும் அவருடைய தலையையும் சான்றிதழையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். அவரோடு பேசப் போனால் என் கண் அதன் மேல்தான் போகும். அது அவருக்கும் தெரியும்.

தொழிலிலும் அவரைக் கண்டால் எனக்கு எரியும். விசாரணைக்கு வரும் ஆட்களுக்குப் பதில் சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலையில் முக்கியமான பகுதி. நான் அதை நாடக ஒத்திகை போல நடத்துவேன். கேள்வி இது, பதில் இது, கையை இப்படிக் கட்டிக்கொள், மேசையில் சாயாதே. அவர் ஒன்றுமே சொல்லிக் கொடுக்கமாட்டார். "ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லு ஆத்தா" என்று உள்ளே அனுப்பிவிடுவார். அவருடைய ஆட்கள் உளறுவார்கள், ஜெயித்துக்கொண்டு வருவார்கள்.

ஒருமுறை அவருடைய ஆளான ஒரு கிழவியிடம், இந்தியாவுக்கு எப்போதாவது போனாயா என்று கேட்டார்கள். "எங்க சாமி போறது? ஒரு நா விடியப் பெரட்டுக்குப் போயி ஆளெண்ணிக்கையில நிக்கலன்னாலே கண்டாக்கையா அன்னிக்குப் பேரு இல்ல, கூலி இல்லங்குறாரு, இதுல இந்தியாவுக்குப் போயிட்டு வந்தா லயத்து வீட்டுல எங்க அடுப்பு இருக்குமா?" என்றாள் அவள். துணைக் கமிஷனர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அடுத்தது என் ஆள். மூன்று நாள் ஒத்திகை பார்த்த பெரியவர். பயத்தில் ஒத்திகை வரிசையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டார் போலிருக்கிறது. மனைவியின் பெயர் என்ன என்று கேட்டதற்கு, கையைக் கட்டிக்கொண்டு, "தொடர்ச்சியா இலங்கையிலேயேதாங்க" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. வெளியே வந்ததும் பக்கத்து ஆபீஸ் கிளாக்கர், "தம்பி, ஒங்க ஆளுக எல்லாம் கிராமபோன் தட்டு மாதிரி. ஊசி கொஞ்சம் நகந்துருச்சி, அவ்வளவுதான்" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு பிள்ளைகளின் விஷயம் வந்தது. அவருடைய மகனும் என் மகனும் ஒரே நாளில் கண்டியில் ஒரு பெரிய கல்லூரியின் நுழைவுப் பரீட்சை எழுதினார்கள். அவருடைய மகன் எடுபட்டான். என்னுடையவன் எடுபடவில்லை. வேறு வழி தெரியாமல், மனைவியின் அண்ணன் பொகவந்தலாவையில் ஒரு தோட்டத் தொழிற்சாலையில் எழுத்து வேலையில் இருந்ததால், மகனை அவர் வீட்டில் விட்டு அங்கே பஜாரில் இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன்.

கோர்ட்டுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில், கண்டியிலிருந்து தன் மகன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களை அவர் சத்தமாக வாசிப்பார். வாசித்துவிட்டு, "தம்பிக்கு வெளங்கியிருக்கும், மத்தவங்களுக்காகச் சொல்றேன்" என்று தமிழில் ஒருதடவை சொல்வார். ஒரு நாள் அப்படி வாசித்து முடித்து, கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆமா தம்பி, மகன எங்க போட்டிருக்கீங்க?"

"திருச்சியில" என்றேன்.

எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அப்பா அடிக்கடி சொன்ன ஊர், நானே பார்த்ததில்லை.

"அடேயப்பா! கடல் தாண்டியா?"

"இங்க என்னண்ணே படிப்பு இருக்கு?"

அவருடைய முகம் சற்றே விழுந்தது. அந்த ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

விடுமுறைக்கு மகன் வந்தபோதெல்லாம் ஒத்திகைதான். மலைக்கோட்டைக்கு எத்தனை படி, ஆற்றுக்குப் பெயர் என்ன, ஹாஸ்டலில் காலையில் என்ன சாப்பாடு. "யாரு கேட்டாலும் திருச்சின்னுதான் சொல்லணும். அதுலயும் அந்தப் பக்கத்து ஆபீஸ் பெரியப்பா முன்னாடி மறந்துறவே கூடாது." மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளைக்குப் பொய் சொல்லிக் குடுக்குறதுக்கா வாத்தியார் மாதிரி கம்ப எடுத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள். நான் கேட்கவில்லை. வழியில் கண்டால் பக்கத்து ஆபீஸ் கிளாக்கர் அவனை நிறுத்தி, "என்னய்யா, காவிரியில தண்ணி வருதா?" என்று கேட்பார். அவன் கொஞ்சமும் தயங்காமல், "ரெண்டு கரையும் முட்டி வருதுங்க பெரியப்பா" என்பான். எனக்குப் பெருமையாக இருக்கும்.

விண்ணப்பத்தில், மகன் எங்களோடு இருக்கும் மாணவன் என்று மட்டும் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தால் போதும். வேறு யாருக்காவது என்றால் முதல் வேலையாக அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பொகவந்தலாவை என்று எழுதிய கடிதம் விசாரணை ஆபீசுக்குள் போனால், மாலைக்குள் அது தேத்தண்ணிக் கடைக்கு வந்துவிடும். அந்தப் பயத்தில் விட்டுவிட்டேன். விசாரித்து அறிக்கை எழுத ஊருக்குள் வந்த அதிகாரி யாரைக் கேட்டிருப்பார்? முடிவெட்டும் கடையில் கேட்டிருந்தாலும் போதும். ஹட்டன் முழுக்க ஒரே குரலில் திருச்சி என்றுதான் சொல்லியிருக்கும்.

ஆக, பத்து இருபதுக்கு அந்தக் கேள்வி.

"இல்லை ஐயா, அது தவறான செய்தி. என் மகன் பொகவந்தலாவையில் படிக்கிறான்" என்றேன்.

"பையன் வந்திருக்கிறானா?"

வந்திருந்தான். மனைவியோடு வெளியே பெஞ்சில் இருந்தான். அன்று காலையில் அவனிடம், "உள்ள ஐயா என்ன கேட்டாலும் அப்பா சொல்லிக் குடுத்தபடியே சொல்லு" என்று சொல்லியிருந்தேன். நான் நினைத்தது பெயரும் வயதும் பிறந்த தோட்டமும். அவன் உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றான். கதவு திறந்திருந்தது. வாசலில், அடுத்த விசாரணைக்குத் தன் ஆட்களோடு காத்துக்கொண்டு பக்கத்து ஆபீஸ் கிளாக்கர் நின்றார். மகன் அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீ எங்கே படிக்கிறாய்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"திருச்சியிலங்க ஐயா."

"அங்கே என்ன ஆறு ஓடுகிறது?"

"காவிரிங்க. ரெண்டு கரையும் முட்டி ஓடுதுங்க."

மலைக்கோட்டைப் படிகளைக்கூடக் கேட்காமலே சொன்னான். கை கட்டி, மேசையில் சாயாமல் நின்றான். என் வாழ்நாளில் நான் தயார் செய்த சாட்சிகளில் அவ்வளவு நன்றாகச் சொன்னவர் யாருமில்லை.

"பொய் சொல்வது யார், நீங்களா பிள்ளையா?" என்று கேட்டார் துணைக் கமிஷனர். நான் ஏதேதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நான்கு மணிக்கு அவர் கோப்புகளைக் கட்டிக்கொண்டு கண்டிக்குப் புறப்படுவாராம். அதற்குள் பள்ளிக்கூட ஆதாரம் வந்தால் பார்ப்பார். வராவிட்டால் இருப்பதை வைத்து முடிவு எழுதுவார்.

வெளியே வந்ததும் மகன் கேட்டான்: "நான் சரியாத்தானப்பா சொன்னேன்?"

மனைவி அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போய் ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள்.

பொகவந்தலாவைக்கு பஸ்ஸில் போய் நான்கு மணிக்குள் திரும்ப முடியாது. என் புரொக்டர் அன்று காரை எடுத்துக்கொண்டு நுவரெலியா கோர்ட்டுக்குப் போயிருந்தார்; வாடகைக் காரும் அகப்படவில்லை. தபாற்கந்தோருக்கு ஓடி, மைத்துனருடைய தோட்டத்துக்கு டெலிபோன் கேட்டேன். காற்றில் எங்கோ மரம் விழுந்து லைன் அறுந்து கிடந்தது. திரும்பி வரும்போது, பக்கத்து ஆபீஸ் புரொக்டரின் கறுப்புக் கார் பஜாரைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். முன் சீட்டில் அந்தக் கிளாக்கர். வாசலில் காத்திருந்த தன் ஆட்களைக்கூட விட்டுவிட்டுப் போகிறார். தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதையைச் சொல்லக் கார் தேவையில்லையே, தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்லப்போகிறாரா என்று நினைத்தேன்.

அன்று மதியம் முழுவதும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளையின் நாடு பறிபோகிற நேரத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த மனிதரைப் பற்றித்தான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவருக்குக் கார் கிடைக்கிறது. அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவருடைய மகன் கண்டியில் வெள்ளைக் காற்சட்டை போட்டு கிரிக்கெட் விளையாடுகிறான். இந்தக் கதையை அவர் எப்படிச் சொல்வார், எந்த இடத்தில் நிறுத்தித் தேத்தண்ணி குடிப்பார் என்றுகூட எண்ணிப் பார்த்தேன். பக்கத்தில் மகன் பன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான். அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

மூன்றே முக்கால் இருக்கும். உள்ளே கோப்புகளைக் கட்டும் சத்தம் கேட்டது. அப்போது அந்தக் கறுப்புக் கார் வந்து நின்றது. பக்கத்து ஆபீஸ் கிளாக்கர் இறங்கினார். முழங்கால்வரை சேறு தெறித்திருந்தது. அவருக்குப் பின்னால், மெழுகுசீலையில் சுற்றிய நீளமான பொதியை நெஞ்சோடு அணைத்தபடி பொகவந்தலாவைப் பள்ளிக்கூடத்தின் பெரிய வாத்தியார் இறங்கினார். இருவரும் என்னைத் தாண்டி நேரே உள்ளே போனார்கள். நான் பின்னால் ஓடினேன்.

வாத்தியார் பொதியைப் பிரித்து மாணவர் வரவுப் பதிவேட்டை மேசையில் விரித்தார். துணைக் கமிஷனர் மாதம் மாதமாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு பேனாவை எடுத்துக் கோப்பில் இரண்டு வரி எழுதினார். "போதும். ஏற்றுக்கொள்கிறேன்" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "காலையில் வந்த சின்னச் சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? மிகவும் கெட்டிக்காரர். இனிமேல் அவரைச் சொந்தக் கேசில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். மொழிபெயர்ப்பாளர் இதை மட்டும் தமிழில் சொல்லாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே பக்கத்து ஆபீஸ் கிளாக்கர் வேட்டியில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நன்றி சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒரு கேள்விதான் வந்தது.

"ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"ஒரு வருசமாத் தெரியும். ஒரு கேசுக்காக அந்தப் பக்கம் போனப்ப பள்ளிக்கூட வாசல்ல ஒங்க மகனப் பாத்தேன். என்னயக் கண்டதும் தண்ணிப் பீப்பாக்குப் பின்னால போயி ஒளிஞ்சான், பாவம்."

"யாருகிட்டயும் சொல்லலியே நீங்க."

"சொல்லி?" என்றார். பிறகு என் மகனைப் பார்த்தார். அவன் அப்போதுதான் பன்னைக் கடிக்கத் தொடங்கியிருந்தான். "வர்ற வழியில பெரிய வாத்தியாரு சொன்னாரு, இந்தத் தவணை இவன்தான் வகுப்புல மொதலாவதாம். ஒங்களுக்குத் தெரியாதா? இதச் சொல்லிப் பீத்தியிருக்கக்கூடாதா தம்பி? எம்மவன் கண்டியில கடைசிலேருந்து மூணாவதா நிக்கிறான். எனக்கு நெசமாவே வயிறு எரிஞ்சிருக்கும்."