வட்டமிடும் விமானமும் சாரலில் ஊறிய கதவும்

வானம் கெட்டுப்போனால்தான் எங்கள் தொழிலில் போன் அடிக்கும்.

இன்று இருட்டிய பிறகு எங்கள் ஓட்டுக்கூரைக்கு மேலே ஒரு முனகல் கேட்டது. மலைப்பக்கம் போய்த் தேய்ந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. குற்றாலத்து ராத்திரிச் சத்தங்கள் எனக்குப் பழக்கம்தான். அருவியின் இரைச்சல், தென்னை மட்டை விழுவது, மரநாய் ஓட்டின் மேல் நடப்பது, எல்லாம் அடையாளம் தெரியும். எல்லாவற்றுக்கும் பயப்படுவேன், அது வேறு விஷயம். ஆனால் போன சத்தம் திரும்பி வருவதை இன்றுதான் கேட்கிறேன்.

விமான டிக்கெட் விற்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்பவள் நான். விமானம் தாமதமானால், வேறு ஊருக்குத் திருப்பி விட்டால், கோபமாகக் கூப்பிடுவீர்களே, அந்த முனையில் இருப்பது நான்தான். பக்கத்தில் இரண்டு வயது மகள் தூங்குவாள். கணவருக்கு ஹைதராபாத்தில் வேலை. எங்களைத் தனியே விட்டது போதும் என்று அதை விட்டுவிட்டு இன்று ஊரோடு வருகிறார். திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாகக் காரில் வர வேண்டும். அவர் வந்தால்தான் எங்கள் வாசல் கதவுக்குத் தாழ் விழும். சீசன் சாரலில் மரம் ஊதிக்கொண்டு, தாழ்ப்பாள் துளைக்கு நேரே வராது. கதவைத் தூக்கித் தோளால் முட்ட வேண்டும். எனக்கு அந்தப் பலம் இல்லை. கதவோரம் உருட்டி வைத்த கேஸ் சிலிண்டர்தான் காவல்.

போன் அடிக்காத நேரத்தில், பயத்துக்கு மாற்றாக இதை எழுதுகிறேன். விமான நிலைய நாற்காலியில் தூங்கிக் கழுத்து பிடித்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

டெல்லிப் பனி

மார்கழியில் ஒருநாள் சென்னை விமான நிலையத்திலிருந்து கடையத்துக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அரிசி ஆலை வைத்திருப்பவர். வெளியே பளிச்சென்று வெயில் அடிக்கிறதாம், விமானம் மட்டும் கிளம்பவில்லையாம். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பழக்கிய தமிழில் ஆரம்பித்தேன்: "ஐயா, தாங்கள் செல்ல வேண்டிய விமானம் டெல்லியிலிருந்து வர வேண்டும். அங்கே கடும் பனிமூட்டம். ஓடுபாதை தெரியாததால் ஒவ்வொன்றாகத்தான் விடுகிறார்கள். அங்கன கிளம்பினால்தான் இங்கன வரும்."

அந்த அங்கன, இங்கன என்னையறியாமல் வந்துவிட்டது. எதிர்முனையில் கோபம் சட்டென்று இறங்கியது. "நம்ம பக்கத்துப் பிள்ளையா நீ? எந்த ஊரு?" என்றார். குற்றாலம் என்றேன். சாரல் எப்படி, அருவியில் தண்ணீர் உண்டா என்று நிதானமாக விசாரித்தார். மார்கழியில் ஏது அண்ணாச்சி சாரல் என்றேன். கடைசியில் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "டெல்லியில பனி விழுந்தா மெட்ராஸ்ல நான் போர்வை போத்தணும்னு சொல்லுதிய, அப்படித்தானம்மா?"

ஜன்னலோரம் வைத்த போன்

மும்பை மழையில் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டாள். மின்னல் வெட்டும்போது ஆட்கள் விமானத்தடியில் நிற்கக்கூடாது. பெட்டி ஏற்றுவது, எரிபொருள் நிரப்புவது எல்லாம் நின்றுவிடும் என்று விளக்கினேன். அவள் கேட்கவே இல்லை. "உங்க பக்கம் ஏதோ சத்தம் கேக்குதே, அங்கேயும் மழையா?" என்றாள்.

ஐந்தருவியில் தண்ணீர் விழுகிற சத்தம் என்றேன். அவள் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது கேட்டது. பிறகு, "நீங்க பேச வேண்டாம். சின்னவன் அழறான். போனை ஜன்னல்கிட்ட வைங்களேன்" என்றாள். வைத்தேன். இருட்டில் மலை தெரியவில்லை; சாரல் மட்டும் ஜன்னல் கம்பியில் மணிமணியாகக் கோத்து நின்றது. எங்கோ ஒரு பிள்ளைக்கு நான் அருவியைக் காதில் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மகளும் அதே சத்தத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். எப்போது அந்தப் பக்கம் போனை வைத்தார்கள் என்று தெரியாது.

மறுநாள் பதிவைக் கேட்ட மேலதிகாரி கூப்பிட்டார்: "மேடம், அந்தக் கால்ல நீங்க பேசவே இல்லை, கஸ்டமர் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க. நான் உங்களைப் பாராட்டணுமா, திட்டணுமா?"

மொட்டை மாடி

சென்னையில் புயல் காற்று. இறங்க வந்த விமானம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருச்சிக்குப் போய் இறங்கியது. உள்ளே இருந்த பையன் ஒருவன் கூப்பிட்டான். அவன் ஊரே திருச்சிதான், வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. சென்னையில் இறங்கி ரயில் பிடித்துத் திருச்சி போக இருந்தவனாம். வானமே டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டது, ஆனால் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். பெட்டி விமானத்தின் வயிற்றில் இருக்கிறது, காற்று அடங்கியதும் திரும்பச் சென்னைக்குப் போகும், எனவே பொறுமை காக்கவும் என்றேன். அவன் பொறுமையாகத்தான் கேட்டான்: "எங்கம்மா மொட்டை மாடியில நின்னு டார்ச் அடிக்கிறாங்க மேடம், நான் பதிலுக்குக் கையாவது காட்டலாமா?"

இன்றைய முனகல்

கூரைக்கு மேலே சத்தம் மறுபடி வந்தபோது கம்ப்யூட்டரில் கணவருடைய விமானத்தைத் தேடினேன். திருவனந்தபுரத்தில் பேய் மழை என்று இருந்தது. வரைபடத்தில் சின்ன மஞ்சள் விமானம் எங்கள் மலைக்கு மேலே, கோலத்தில் சுழி போடுவது போல வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் என் தலைக்கு மேலேதான் இருந்தார். ஓட்டைப் பிரித்தால் தெரிவார் என்று தோன்றியது. மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

செங்கோட்டையில் தன் வீட்டிலிருந்து இதே வேலை பார்க்கும் தோழி சாந்தியைக் கூப்பிட்டேன். அவர் விமானம் வட்டமிடுவதைச் சொன்னேன். அவள் நிறுத்தி நிதானமாக, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "வட்டமிடுவது ஆபத்தின் அடையாளம் அல்ல. மழை விலகுகிறதா என்று விமானி காத்திருக்கிறார். விலகாவிட்டால் அடுத்த ஊருக்குப் போக எரிபொருள் கையிருப்பில் இருக்கிறது."

"யாருட்டி இப்படித் தமிழ் பேசுதது?" என்றேன்.

"கான்வென்ட் தமிழ்னு நீ எங்களுக்கு எழுதிக் குடுத்த பதிலத்தாம்ட்டி உனக்கே வாசிக்கேன், ஊரையெல்லாம் நம்ப வச்சேல்லா, இப்ப நீ நம்பு."

மதுரை வழி

மஞ்சள் விமானம் சுழியை அவிழ்த்துக்கொண்டு வடக்கே போனது. முனகல் தேய்ந்து, அருவி மட்டும் மிஞ்சியது. விமானம் மதுரையில் இறங்கியது. பெட்டி ஏற்றாதவர்கள் விரும்பினால் இறங்கிக்கொள்ளலாம் என்றார்களாம். அவர் சாமான்களை முன்கூட்டியே பார்சலில் அனுப்பிவிட்டதால் தோள்பையோடு இறங்கி, ராஜபாளையம் வழியாகக் கார் பிடித்தார். 'வந்துட்டிருக்கேன்' என்று செய்தி வந்தபின் அவர் போன் அணைந்துவிட்டது.

விடிவதற்குள் கதவு தட்டப்பட்டது. வெளியே ஆண் குரல். சாரலில் எல்லாக் குரலும் ஒரே மாதிரி நனைந்து கேட்கிறது. சிலிண்டரைப் பிடித்தபடி, பழக்கத்தில், "சரிபார்ப்புக்காக உங்கள் முழுப்பெயர் சொல்லுங்கள்" என்றேன்.

சிரிப்பில்லாமல் முழுப்பெயர் வந்தது. பிறகு, "மதுரையில இறக்கி விட்டான், ராஜபாளையத்துல டீ குடிச்சேன், வீட்டு வாசல்ல வந்து வெயிட்டிங்ல நிக்கேன், இதுக்கு யாருட்ட புகார் குடுக்கணும் மேடம்?"

சிலிண்டரை உருட்டினேன். நனைந்த சட்டையோடு உள்ளே வந்தவர், மகளைத் தொடும் முன் கதவைத் தூக்கித் தோளால் ஒரு முட்டு முட்டினார். திரையில் அவருடைய விமானம் இன்னும் 'தாமதம்' என்றே காட்டிக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளிருந்து தாழ் விழுந்துவிட்டதால் நான் புகார் எதுவும் பதியவில்லை.